பிளஸ் டூ ஆங்கிலக் கட்டுரையும் நம் பிள்ளைகளும்

(திண்டிவனத்தில் ஒரு மாலைநேரப் படிப்பு மையத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களிடமும், அங்கே பாடம் சொல்லித்தரும் தன்னார்வலர்களிடமும் பேசியதன் எழுத்து வடிவம்)

 

ஆங்கிலத்தில் கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்குவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவன் நான். மதிப்பெண் பற்றிப் பேசாமல் போனால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பிளஸ் டூ ஆங்கிலத் தேர்வு எழுத்துத் தேர்வாக 90 மதிப்பெண்ணுக்கு. அதில் 35 மதிப்பெண் கடைசிப் பகுதியில் இருக்கிறது. ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 5. உரைநடை, செய்யுள், துணைப்பாடம் ஆகியவற்றிலிருந்து வரும் கேள்விகளுக்குச் சுமார் 150 சொற்களில் பத்தி எழுத வேண்டும். பொதுக்கட்டுரையும் வரும். அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மதிப்பெண் இந்தப் பகுதியில் இருக்கிறது, அதில் பெரும்பகுதி நீங்களாகத் தொடர்ந்து எழுதுவதில் இருக்கிறது. நம் பள்ளிகளில் இந்தப் பகுதியை என்ன செய்கிறோம்? கைடு வாங்கி ஆளுக்கு நாலு பத்தி மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். மீதியை ஒரு மதிப்பெண் கேள்வியிலும் இரண்டு மதிப்பெண் கேள்வியிலும் தேற்றிக்கொள்ளச் சொல்கிறோம். பொறியியல் கட்-ஆஃபில் கணக்கு, இயற்பியல், வேதியியல் மட்டும்தான் சேரும், ஆங்கிலம் சேராது. அதனால் நன்றாகப் படிக்கிற பிள்ளையும் ஆங்கிலத்தை ஒதுக்கி வைக்கிறது. சுமாராகப் படிக்கிற பிள்ளையிடம் நாங்களே சொல்லிவிடுகிறோம்: 35 வாங்கினால் போதும்.

இந்த "போதும்" என்ற சொல்லைத்தான் நான் கொஞ்சம் கிளற விரும்புகிறேன். இதே வினாத்தாளை எழுதுகிற தனியார் பள்ளிப் பிள்ளையிடம் யாரும் 35 போதும் என்று சொல்வதில்லை. ஆசிரியர் ஓய்வறையில் "இந்தப் பசங்களுக்கு இது போதும் சார்" என்று ஒருவர் சொல்லும்போது, "இந்தப் பசங்க" யார் என்று அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். காலனியிலிருந்து வருகிறவர்கள், ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கியிருப்பவர்கள், அப்பா அம்மா செங்கல் சூளையிலும் மரக்காணம் உப்பளத்திலும் வேலை செய்கிறவர்கள். சொன்னவர் மோசமானவர் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளைகள் தேர்ச்சி பெற வேண்டும் என்று உண்மையாகவே கவலைப்படுகிறவர்தான். ஆனால் இவர்களுக்குச் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது, எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தால் சரி என்று ஒரு முடிவு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. நம் மக்களைப் பற்றிக் காலம்காலமாக எடுக்கப்பட்டிருக்கும் முடிவு அது.

பிளஸ் டூவோடு இது முடிவதுமில்லை. கல்லூரிக்குப் போனால் கருத்தரங்கக் கட்டுரை கேட்பார்கள். வெளிநாட்டில் படிக்கப் பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஒன்றிய அரசு கொடுக்கும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் உங்களைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும். அவர்கள் ஒரு கட்டுரை கேட்பார்கள். நீ யார், எங்கிருந்து வருகிறாய், எதைப் படிக்க விரும்புகிறாய், ஏன்? இந்த நாலு கேள்விக்கும் எந்தக் கைடிலும் பதில் இல்லை.

சரி, கைடில் என்னதான் இருக்கிறது? ஊர்த் திருவிழா பற்றி ஒரு பத்தி எல்லாக் கைடுகளிலும் இருக்கும். வேறுபாடுகளை மறந்து ஊர் மக்கள் எல்லோரும் ஒன்றாகக் கூடுகிறார்கள், கோயிலில் வழிபடுகிறார்கள், மகிழ்ச்சியாகக் கொண்டாடுகிறார்கள் என்று போகும். நம் மாவட்டத்தில்தான் மேல்பாதி இருக்கிறது. அங்கே திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் 2023 ஏப்ரலில் உள்ளே போன தலித் இளைஞர்களை அடித்தார்கள். பேச்சுவார்த்தை நடந்தது, முடிவு வரவில்லை. ஜூன் மாதம் வருவாய்த் துறை கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தது. 2024 மார்ச்சில் உயர்நீதிமன்ற உத்தரவின்படி திறந்தபோதும் பூசைக்கு மட்டும்தான், பக்தர்களுக்கு அனுமதி இல்லை. அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒன்று, தெருவில் போலீஸ் நிற்கும்போது வீட்டுக்குள் உட்கார்ந்து "எல்லோரும் ஒன்றாகக் கூடுகிறார்கள்" என்று ஆங்கிலத்தில் நெட்டுருப் போட்டிருக்கும். ஐந்து மதிப்பெண்ணுக்காகத் தன் கண்ணால் பார்த்ததற்கு எதிராக 150 சொல். மனப்பாடம் செய்வதில் எனக்குள்ள முதல் தகராறு இதுதான். மொழி வராமல் போகிறது என்பது அதற்கடுத்த தகராறு.

இப்போது தன்னார்வலர் ஒருவர் கையைத் தூக்குகிறார். கேட்கப் போவது எனக்குத் தெரியும். "சார், சொந்தமாக எழுதச் சொன்னால் ஒரு வாக்கியம்கூடச் சரியாக வராதே, வினைச்சொல்லே தெரியாதே." ஆமாம், வராது. அதை மறைத்துவிட்டு அனுபவம் இருக்கிறது, எழுதிவிடலாம் என்று நான் சொன்னால் அது ஏமாற்று வேலை. ஆனால் எங்கே வரவில்லை என்று பார்த்தால், பிழைகள் கண்டபடி வருவதில்லை. முக்கால்வாசிப் பிழை தமிழின் அமைப்பிலிருந்து வருகிறது. காரணம் தெரிந்தால் திருத்தலாம்.

தமிழில் "நேற்று போனேன்" என்றால் போதும், போனது யார் என்பது வினைமுற்றுக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் "ஐ வென்ட்" என்று ஆளைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். நம் பிள்ளை "யெஸ்டர்டே வென்ட்" என்று எழுதும். "மழை பெய்தது" என்பதற்கு "இட் ரெயின்ட்" என்று, இல்லாத ஒரு எழுவாயை நட்டு வைக்க வேண்டும். "எனக்குத் தெரியும்", "எனக்குப் பசிக்கிறது" என்பதில் தமிழுக்கு நான்காம் வேற்றுமை. ஆங்கிலத்துக்கு "ஐ நோ", "ஐ ஆம் ஹங்ரி". அடுத்தது "ஏ"யும் "த"வும். தமிழில் கதை சொல்லும்போது முதலில் "ஒரு டீக்கடை" என்கிறோம், அடுத்த முறை "அந்த டீக்கடை" என்கிறோம். ஒரு என்று சொல்லும் இடத்தில் "ஏ", அந்த என்று சொல்லத் தோன்றும் இடத்தில் "த". இந்த விதி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஆனாலும் பாதிப் பிழை போய்விடும்.

பெரிய சிக்கல் வினையெச்சம். "காலையில் எழுந்து, தண்ணீர் பிடித்து, தங்கச்சியை எழுப்பி, சாப்பிட்டு, கூட்டேரிப்பட்டுக்கு நடந்து வந்து பஸ் ஏறினேன்" என்று தமிழில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறோம். இதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் "வேக்கிங், ஃபெட்ச்சிங், ஈட்டிங், வாக்கிங்" என்று ஒரு ரயில் ஓடும், எஞ்சின் இருக்காது. நான் வகுப்பில் சொல்வது: ஒவ்வொரு எச்சமும் ஒரு வாக்கியம். ஐந்து எச்சம் இருந்தால் ஐந்து சின்ன வாக்கியம். எல்லாவற்றையும் இறந்தகாலத்தில் எழுது. பார்த்ததை, நடந்ததைச் சொல்ல இறந்தகாலம் போதும். நிகழ்காலத்தில் "ஹீ இஸ் கோ" என்று வருகிற குழப்பமெல்லாம் பாதி குறையும். பிறகு அந்தச் சின்ன வாக்கியங்களைக் கட்ட ஐந்தாறு சொல் கொடுக்கிறேன். பிகாஸ், பட், ஸோ, வென், இஃப், ஆல்தோ. இந்த ஆறும் கையில் இருந்தால் ஒருவரால் வாதாட முடியும். "இன்றைய நவநாகரிக உலகில்" என்று தொடங்குகிற கைடு அலங்காரம் எதுவும் வேண்டாம்.

அப்புறம், ஆங்கிலத்தில் யோசி என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தமிழில் யோசியுங்கள். கேள்வியைப் படித்ததும் வெள்ளைத்தாளில் தமிழில் ஐந்து குறிப்பு எழுதுங்கள். நான் சொல்ல வருவது என்ன, அதற்குக் காரணம் என்ன, நான் பார்த்த ஒன்று, படித்த ஒன்று, எதிர்த்தரப்பு என்ன சொல்லும். இந்த ஐந்தையும் ஒவ்வொன்றாக ஆங்கில வாக்கியமாக்கினால் பத்துப் பன்னிரண்டு வாக்கியம் வந்துவிடும். தேர்வில் வினாத்தாள் படிக்க மட்டும் பத்து நிமிடம் தருகிறார்கள். அந்த நேரத்தில் எழுதக் கூடாது, ஆனால் பொதுக்கட்டுரைக்கு இந்த ஐந்தையும் மனசுக்குள் யோசித்து வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பிளஸ் டூ பாடநூலில் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய தேநீர்க் கட்டுரை இருக்கிறது. 1946இல் லண்டன் செய்தித்தாள் ஒன்றில் எழுதியது. நல்ல தேநீர் போடப் பதினொரு விதி சொல்கிறார். முதல் விதியே இந்திய அல்லது சிலோன் தேயிலை வேண்டும் என்பதுதான். பாடத்தை நடத்திவிட்டு, நம் பக்கத்து டீ பற்றி நீங்களும் ஒரு பத்தி எழுதுங்கள் என்றேன். பையன்கள் பாய்லர், சக்கை, வடிகட்டி, ஆற்றுகிற கை என்று கலகலப்பாகத் தமிழில் குறிப்பு எடுத்தார்கள். ஒரு பெண் மட்டும் நாலே வரி எழுதிவிட்டுத் தாளை மூடி வைத்திருந்தாள். பிரித்துப் பார்த்தேன். அவளுடைய ஆயா சின்ன வயதில் வேலைக்குப் போன இடத்தில் கொட்டாங்கச்சியில் டீ ஊற்றினார்கள். அப்பா காலத்தில் கடையில் தனி டம்ளர் இருந்தது, குடித்துவிட்டுக் கழுவி வைக்க வேண்டும். இப்போது பேப்பர் கப் கொடுக்கிறார்கள். ஆனால் ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி டம்ளர்.

நாலு வரியில் மூன்று தலைமுறை இருந்தது. எந்தக் கைடு எழுத்தாளராலும் எழுத முடியாத கட்டுரை. அதை ஆங்கிலமாக்க எங்களுக்கு இரண்டு வகுப்பு ஆயிற்று. கொட்டாங்கச்சிக்குக் "கோகனட் ஷெல்" என்று கண்டுபிடித்தோம். "ஆல்தோ" என்ற சொல்லை எங்கே வைப்பது என்று அவள் கேட்டாள். சட்டம் வந்தாலும் என்று சொல்லும் இடத்தில் வை என்றேன். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றி அப்போதுதான் அந்த வகுப்பில் பேச்சு வந்தது. பிறகு இன்னொரு பையன், சிலோன் தேயிலையை யார் பறித்தார்கள் என்று கேட்டான். தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள், அவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஆர்வெலின் பதினொரு விதிகளில் அவர்கள் இல்லை. நம் பிள்ளைகளின் பத்தியில் வந்தார்கள்.

அதே புத்தகத்தில் கி. ராஜநாராயணனின் "நாற்காலி" கதை ஆங்கிலத்தில் இருக்கிறது. நாற்காலியே இல்லாத ஊரில் ஒரு வீட்டுக்கு நாற்காலி வருகிற கதை. எல்லோரும் சிரித்துக்கொண்டு படிப்பார்கள், நானும் சிரித்துக்கொண்டுதான் நடத்துவேன். நம் பிள்ளைகளுக்கு நாற்காலி என்றால் இன்னொரு கதையும் தெரியும். 2020இல் பக்கத்துக் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், தலித் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்திய படம் வெளியே வந்ததே, அந்தக் கதை. பாடக் கேள்விக்குக் கி.ரா.வின் கதையைத்தான் எழுத வேண்டும், அதில் விளையாடக் கூடாது. ஆனால் ஒரு பொருளின் மேல் யார் உட்காரலாம் என்பதில் மரியாதை இருக்கிறது என்று புரிந்த பிள்ளை, அந்தக் கதையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சொந்தச் சொல்லில் சொல்லிவிடும்.

கட்டுரைக்கு மாதிரி வேண்டும் என்று கேட்கிறீர்கள். கொடுக்கிறேன். அண்ணல் அம்பேத்கர் எழுதிய "வெயிட்டிங் ஃபார் எ விசா". சிறிய நூல், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் படித்துவிடலாம். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடமாக வைத்திருக்கிறார்கள். நம் பாடசாலைகளில் அவர் படம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, மாலை இருக்கிறது. அவர் எப்படி வாக்கியம் அமைத்தார் என்று உட்கார்ந்து பார்ப்பது குறைவு.

அந்த நூலின் தொடக்கத்தில் அவர் ஒரு எழுத்தாளராக யோசிக்கிறார். தீண்டாமை என்பது என்ன என்று வெளிநாட்டவருக்குப் புரியவைக்க வேண்டும். பொதுவாக விவரிப்பது ஒரு வழி, நடந்த சம்பவங்களைச் சொல்வது இன்னொரு வழி. இரண்டாவதுதான் பலன் தரும் என்று சொல்லிவிட்டுச் சம்பவங்களுக்குப் போகிறார். 1901இல், சிறுவனாக, கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் அக்கா பிள்ளையோடும் ரயிலேறி மசூரில் இறங்குகிறார். நல்ல உடை, கையில் பணம். இவர்கள் மகர்கள் என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மாறுகிறது. எந்த வண்டிக்காரரும் ஏற்றமாட்டேன் என்கிறார். கடைசியில் இரண்டு மடங்கு கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருகிறார். சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. இவ்வளவையும் சொல்ல அவர் பெரிய சொல் எதையும் பயன்படுத்தவில்லை. எவ்வளவு கூலி, எத்தனை மணி, யார் என்ன சொன்னார்கள் என்று எழுதிக்கொண்டே போகிறார். கொடூரம், அநியாயம் என்று அவர் கூவுவதில்லை, அந்த வேலையைப் படிக்கிறவரிடம் விட்டுவிடுகிறார். பிளஸ் டூ மாணவர் அகராதி இல்லாமல் பெரும்பகுதியைப் படிக்க முடியும். தினம் ஒரு பக்கம் சத்தமாகப் படியுங்கள். வாய்க்குப் பழகிய வாக்கியம் கைக்கு வரும்.

வாதம் செய்வதற்கு "சாதி ஒழிப்பு". லாகூரில் பேசுவதற்காக எழுதிய உரை. அழைத்தவர்களே அதைப் பார்த்து அரண்டு மாநாட்டை ரத்து செய்தார்கள். 1936இல் அவரே சொந்தச் செலவில் அச்சிட்டு வெளியிட்டார். முழுவதும் இப்போது உங்களுக்குக் கடினம்தான். ஒரு இடத்தை மட்டும் பாருங்கள். சாதி என்பது வேலைப் பிரிவினைதானே, எல்லா நாகரிகத்திலும் உள்ளதுதானே என்று எதிர்த்தரப்பு சொல்வதை அவரே முதலில் எடுத்து வைக்கிறார். பிறகு, பிரிக்கப்படுவது வேலையா, வேலை செய்கிற மனிதர்களா என்று கேட்டு அதை உடைக்கிறார். எதிராளியின் வாதத்தை மறைக்காமல் சொல்லிவிட்டுப் பதில் சொல்வது. நீங்கள் இடஒதுக்கீடு பற்றி எழுதினாலும், செல்போன் நல்லதா கெட்டதா என்று எழுதினாலும் இந்த முறை உதவும்.

இலக்கணத்தில் ஒரு பாடம் மட்டும் எனக்குப் பிடித்தமானது. செய்வினை, செயப்பாட்டுவினை. ஆக்டிவ் வாய்ஸ், பேசிவ் வாய்ஸ். மாற்றி எழுதச் சொல்லி மதிப்பெண் கேள்வியாக மட்டும் இதை நடத்துகிறோம். செயப்பாட்டுவினையில் செய்தவரைச் சொல்லாமல் விட்டுவிடலாம், வாக்கியம் குறையாது. "அனுமதி மறுக்கப்பட்டது." யார் மறுத்தார்கள்? "தாக்கப்பட்டனர்." யார் தாக்கினார்கள்? "இரு தரப்பினரிடையே மோதல் ஏற்பட்டது" என்று செய்தித்தாளில் வரும். மோதல் தானாக ஏற்படுமா? விழுப்புரத்தில் 1978 ஜூலையில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். இப்போது நான் சொன்ன வாக்கியமும் செயப்பாட்டுவினைதான் என்பதைக் கவனியுங்கள். பெரிய பறச்சேரியைத் தாக்கி, கொளுத்தி, அந்தப் பன்னிரண்டு பேரைக் கொன்ற ஒரு கும்பல் இருந்தது. வாக்கியத்தின் முதல் இடத்தில் அதை உட்கார வைத்தால் அது வேறு வாக்கியம். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை இப்படி நடத்திப் பாருங்கள். மறக்கமாட்டார்கள். வினாத்தாளில் மாற்றி எழுதுவதும் சரியாக வரும்.

ஒரு விஷயத்தை இந்தத் திண்டிவனத்தில் பேசாமல் போக முடியாது. தமிழ்வழிக் கல்விக்காக வாழ்நாளெல்லாம் நின்ற பேராசிரியர் பிரபா கல்விமணியின் ஊர் இது. தாய்த்தமிழ்ப் பள்ளி நடத்தியவர், பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டியவர். இங்கே வந்து ஆங்கிலம், ஆங்கிலம் என்று பேசினால் சிலருக்கு உறுத்தும். 2010இல் உத்தரப்பிரதேசத்தின் பங்கா கிராமத்தில் சந்திரபான் பிரசாத் ஆங்கிலத்துக்கு ஒரு பெண் தெய்வமாகச் சிலை செய்து கோயில் எழுப்ப முயன்றார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு மொழியைக் கும்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, தமிழையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு யோசிக்கத் தெரியும். அது முதல் இருக்கிற பிள்ளை. தமிழில் ஒரு பத்தி ஒழுங்காக எழுதத் தெரியாதவருக்கு ஆங்கிலத்திலும் வராது. ஆங்கிலவழி என்று பெயர் போட்ட பள்ளிகளில் இரண்டும் வராமல் நிற்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

நம் முன்னோர்களும் இதை இப்படித்தான் கையாண்டார்கள். மதுராந்தகம் பக்கத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் நம் மக்களிடம் பேச 1893இல் "பறையன்" என்று தமிழில் பத்திரிகை நடத்தினார். அதே ஆண்டு டிசம்பரில், சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் உயர்சாதியினரே அந்த இடங்களை நிரப்பிக்கொள்வார்கள் என்று எதிர்த்து, 3,412 பேரின் கையொப்பத்தோடு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு போயிற்று. அதன் அரசியல் பற்றி இன்று விவாதிக்கலாம். எங்கே எந்த மொழியில் பேச வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பள்ளி ஆசிரியராக இருந்த எம்.சி. ராஜா 1925இல் ஒடுக்கப்பட்ட மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். பெரியார் "குடி அரசு" நடத்திக்கொண்டிருக்கும்போதே 1928இல் "ரிவோல்ட்" என்று ஆங்கில வார இதழைத் தொடங்கினார். நீதிக்கட்சிக்கு அந்தப் பெயர் வந்ததே "ஜஸ்டிஸ்" என்ற ஆங்கில நாளேட்டால்தான்.

இன்னொன்று. பஞ்சமி நிலம் எங்கிருந்து வந்தது? 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி ஆங்கிலத்தில் ஒரு அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. அந்த நிலத்தை மீட்கத்தான் இன்றுவரை போராடுகிறோம். அந்த அறிக்கையை எழுதியவர் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. மாவட்ட எல்லையைத் தாண்டினால் திண்டிவனம். இங்கே அப்படி எழுதி வைக்க ஆள் இருந்திருந்தால் என்று நான் சில சமயம் நினைப்பதுண்டு. இப்போது உங்களில் நாலைந்து பேராவது இருக்கிறீர்கள்.

தன்னார்வலர்களுக்கு மட்டும் இரண்டு சொல். பிள்ளை எழுதிய பத்தியைச் சிவப்பு மையால் குளிப்பாட்டாதீர்கள். முப்பது பிழை இருந்தால் முப்பதையும் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தால், அடுத்த வாரம் அந்தப் பிள்ளை மறுபடி கைடுக்கு ஓடிவிடும். இந்த வாரம் எழுவாய் மட்டும் பாருங்கள். அடுத்த வாரம் இறந்தகாலம். அதற்கடுத்து "ஏ", "த". முதலில், எழுதியதில் என்ன சொல்லியிருக்கிறது என்பதற்குப் பதில் சொல்லுங்கள். "அப்படியா, உங்க ஆயா எந்த ஊரு?" என்று கேளுங்கள். நாம் சொன்னதை ஒருவர் படிக்கிறார் என்று தெரிந்தால்தான் திருத்தி எழுத மனசு வரும். புதுப்புதுத் தலைப்பாகப் பத்துக் கட்டுரை எழுதுவதைவிட, ஒரே கட்டுரையை மூன்று முறை எழுதவைப்பது நல்லது. இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் எழுதியதை மற்றவர் சத்தமாகப் படிக்கட்டும். தடுக்குகிற இடத்தில் பெரும்பாலும் பிழை இருக்கும். விடுதியில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது வசதி. வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகளுக்கு ராத்திரி ஒரு மணிநேரம் கிடைப்பதே கஷ்டம், அதை மனதில் வைத்து வேலை கொடுங்கள்.

டீக்கடைப் பத்தி எழுதிய அந்தப் பெண் என்னிடம் ஒன்று கேட்டாள். "சார், இதைப் பரீட்சையில எழுதலாமா? மார்க்க குறைச்சிட்டா?"

நான் அவளிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். பாடக் கேள்விக்கு விடைக்குறிப்பு இருக்கும். அங்கே பாடத்தை எழுது. பொதுக்கட்டுரை உன் இடம். யாரையும் திட்டாமல், பார்த்ததை, தெரிந்ததை, காரணத்தோடு, பிழை குறைவாக எழுதினால் அதற்கு மதிப்பெண் தரவேண்டும். திருத்துகிறவர் கைக்கு உன் பெயரும் படமும் இருக்கிற மேல்தாள் போகாது. ஆனால் திருத்துகிறவரும் ஏதோ ஒரு தெருவில் இருந்துதான் வருகிறார். ஒரு நாளைக்குக் கட்டுக் கட்டாகத் திருத்துகிறார். பழகிய கைடு வாக்கியம் கண்ணில் பட்டால் டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார். உன் பத்தியில் நின்று படிக்க வேண்டியிருக்கும். நின்று படித்துவிட்டு ஐந்து போடலாம், முகம் சுளித்து இரண்டும் போடலாம். போனால் மூன்று மதிப்பெண். அந்த மூன்று மதிப்பெண் உனக்கு முக்கியமா இல்லையா என்பது உன் கணக்கு. அதில் நான் தலையிடக் கூடாது. எழுது என்று வீரமாகச் சொல்லிவிட்டு நான் சம்பளம் வாங்கிக்கொண்டு இருக்க முடியாது. எழுதாதே என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அவள் யோசித்துவிட்டு, "ரெண்டு கட்டுரையும் ரெடியா வச்சிக்கிறேன் சார், அன்னிக்குப் பாத்துக்கிறேன்" என்றாள். இரண்டுமே அவள் கையால் எழுதியதுதான். இரண்டாவது, மரம் நடுவது பற்றி. அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஏரிக்கரையில் இருந்த பனைமரங்களைப் பற்றி எழுதியிருக்கிறாள்.

இப்போது பின்னால் இருக்கிற அக்கா ஆளுக்கு இரண்டு வெள்ளைத்தாள் கொடுப்பார்கள். ஒரு தாளில் தமிழில் ஐந்து குறிப்பு. தலைப்பு, "நான் பள்ளிக்கு வரும் வழி". ஊர்த்தெரு வழியாக வருகிறவர்கள் அதை எழுதுங்கள், சுற்றி வருகிறவர்கள் ஏன் சுற்றி வருகிறீர்கள் என்று எழுதுங்கள். இருபது நிமிடம். இரண்டாவது தாள் ஆங்கிலத்துக்கு. அதை அடுத்த சனிக்கிழமை வந்து நான் வாங்கிக்கொள்கிறேன்.